மலையகத்து இரும்புப் பாலங்கள்: துருத் தடுப்பு வேலையை யாரிடம் கொடுப்பது, எப்படி வாங்குவது

லயத்திலிருந்து பாடசாலைக்குப் போகும் தொங்குபாலம், கொழுந்து ட்ரக்டர் கடக்கும் சிறு கர்டர் (இரும்பு உத்தரம்) பாலம், 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபின் அவசரத்துக்குப் போடப்பட்ட, இரும்புச் சட்டங்களைக் கோத்து அமைக்கும் பெய்லி பாலம். இவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமோ தோட்ட நிருவாகத்திடமோ கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ இருக்கும். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள். பெயின்ட் டின்னின் விலை மொத்தச் செலவில் சிறு பங்குதான். பூசுமுன் இரும்பைச் சுத்தம் செய்பவரின் திறமையும், எந்த நேரத்தில் பூசலாம் என்று அவருக்குத் தெரிந்திருப்பதும்தான் பாலத்தின் ஆயுளை நிர்ணயிக்கின்றன. டெண்டரில் இதைக் கேட்டு வாங்காவிட்டால் விலை கூடிய பெயின்டும் மூன்று மழைக்காலம் தாண்டாது.

பெயின்டுக்கு முன்னால் தண்ணீர்

1983 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மியானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு துண்டு ஆற்றுக்குள் விழுந்து 3 பேர் இறந்தார்கள். அதற்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன் வீதி வேலையின்போது பாலத்தின் வடிகால்களை மூடியிருந்தார்கள். வடிய வழியில்லாத தண்ணீர் பாலத்தைத் தாங்கிய இணைப்புகளுக்குள் இறங்கியது. உள்ளே துரு பொங்கி, தாங்கும் தகட்டை அதன் ஆணியிலிருந்து வெளியே தள்ளியது. 2022 ஜனவரி 28 அன்று பிட்ஸ்பர்க் நகரின் ஃபேர்ன் ஹாலோ பாலம் இடிந்ததும் இதே வகைதான். வடிகால்கள் அடைபட்டிருந்தன, கால்களின் அடியில் குப்பையும் ஈரமும் தேங்கியிருந்தன, சுத்தம் செய்யுங்கள் என்று பரிசோதனை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியும் செய்யப்படவில்லை. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு கூடுகிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் சேரும் துரு போல்ட்டையே இழுத்து அறுக்கும்.

ஆகவே எந்த ஒப்பந்தகாரரையும் அழைக்குமுன் செய்ய வேண்டியவை: பாலத்துக்கு வரும் வீதியின் கான் தண்ணீரைப் பாலத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் திருப்புங்கள். தளத்தில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்து, குழாய்களை கர்டரின் அடிப்பாகத்துக்குக் கீழே குறைந்தது 150 மில்லிமீற்றர் நீட்டுங்கள். குட்டையான குழாய் கர்டரின் மேல்தான் ஊற்றும். இரு கரையிலும் கர்டர் உட்காரும் இடத்தில் சேர்ந்த மண்ணையும் இலைக்குப்பையையும் அள்ளி, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பல பாலங்களில் முதலில் இற்றுப்போவது அந்தக் கடைசி அரை மீற்றர்தான்.

மலையகத்தில் கடற்காற்று இல்லை, ஆனாலும் உப்பு உண்டு. தேயிலைக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் போகும் உர மூடைகளில் அமோனியம் சல்பேட்டும் மியூரியேட் ஒஃப் பொட்டாஷும் இருக்கின்றன. பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைட், அதாவது குளோரைட் உப்பு. ட்ரக்டரிலிருந்து சிந்தும் உரம் பலகை இடுக்கில் விழுந்து மழையில் கரைந்து குறுக்குக் கம்பிகளில் படிகிறது. உரம் ஏற்றிப் போகும் காலம் முடிந்ததும் தளத்தைக் கூட்டிக் கழுவ ஒரு ஆளைப் போடுவது மலிவான துருத் தடுப்பு.

எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பாருங்கள்

பாலத்தை இரு கரை, நடுப்பகுதி, கைப்பிடி, அடிப்பாகம் எனப் பிரித்துப் படம் எடுங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு மணியோசை தரும், இற்றது மொத்தென்று ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் துருவைச் சுரண்டி, வேர்னியர் அல்லது அல்ட்ராசோனிக் தடிப்புமானியால் மிச்சமுள்ள தடிப்பை அளந்து எழுதுங்கள். ஆரம்பத் தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் பெயின்ட் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். இற்ற இரும்பைப் பூசி மறைப்பது ஆபத்தை மறைப்பதுதான்.

பழைய பாலத்தில் பெயின்டுக்கு அடியில் பளிச்சென்ற செம்மஞ்சள் படை தெரிந்தால் அது செவ்வீயமாக, அதாவது ஈயம் கலந்த பழைய துருத் தடுப்புப் பெயின்டாக, இருக்கக்கூடும். ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதிப்படுத்துங்கள். ஈயம் இருந்தால் உலர்ந்த நிலையில் கிரைண்டர் வைப்பதும் மணல் அடிப்பதும் கூடாது. ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். அடியில் விரிப்புக் கட்டி, உதிர்ந்த ஒவ்வொரு செதிலையும் பிடித்து, மூடிய பீப்பாயில் வைத்து முறைப்படி அகற்ற வேண்டும். கீழே லயத்துக்காரர்கள் அதே ஓயாவிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறார்கள். வேலையாட்கள் நுண்தூசி வடிகட்டும் முகமூடி அணிய வேண்டும், கைகழுவாமல் வெற்றிலை போடவோ தேநீர் குடிக்கவோ கூடாது, வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகக் கூடாது. ஈயத்தூசியால் முதலில் பாதிக்கப்படுவது வீட்டிலுள்ள சிறு பிள்ளைகள்.

ஒப்பந்தகாரரைத் தெரிவு செய்தல்

இலங்கையில் ஒப்பந்தகாரர்களைப் பதிவு செய்து தரப்படுத்துவது சீடா எனப்படும் நிர்மாணத் தொழிற்றுறை அபிவிருத்தி அதிகார சபை. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது, முன்னர் இக்டாட் என்று அறியப்பட்டது. அந்தப் பதிவைக் கட்டாயம் கேளுங்கள். ஆனால் ஒருவர் எவ்வளவு பெரிய வேலையை எடுக்கலாம் என்பதை அந்தத் தரம் சொல்கிறதே தவிர, இரும்புக்குப் பூச்சு வேலை தெரியுமா என்பதைச் சொல்லாது. கல்வெட்டும் கட்டடமும் நன்றாகக் கட்டியவர் பாலப் பூச்சில் தவறலாம்.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை நிரப்பத் தனிச் சான்றிதழ் இருக்கிறது. துருத் தடுப்பு, பூச்சுத் துறையின் நேஸ், எஸ்எஸ்பிசி என்ற இரு அமைப்புகள் 2021இல் ஒன்றாகி ஏஎம்பிபி ஆயின. களத்தில் இரும்புக் கட்டமைப்புகளுக்குப் பூசும் நிறுவனங்களுக்கு கியூபி 1, ஈயப் பெயின்டை அகற்றும் நிறுவனங்களுக்கு கியூபி 2 என்று அது சான்று கொடுக்கிறது. நிறுவனத்தின் ஆட்கள், கருவிகள், தரக்கட்டுப்பாடு, பாதுகாப்பு ஆகியவற்றை நேரில் பார்த்தே சான்று தருகிறார்கள். ஒரு தோட்டப் பாலத்துக்கு அந்தச் சான்றிதழைக் கேட்க முடியாது. அது பார்க்கும் விடயங்களை நமது கேள்வி ஆவணத்தில் நாமே எழுதலாம்:

- குறைந்தது 3 ஆண்டுகளுக்கு முன் பூசிய இரும்பு வேலைகள் மூன்றின் விபரம். அவற்றுள் ஒன்றையாவது நேரில் போய்ப் பாருங்கள். புதிதாகப் பூசியது எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.
- களத்தில் முழு நேரமும் நிற்கப்போகும் மேற்பார்வையாளரின் பெயர், அனுபவம். இடையில் மாற்றினால் எழுத்தில் அனுமதி வேண்டும்.
- பெயின்டர், வெல்டர் ஆகியோரின் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்விகியூ. சான்றிதழ் இல்லாத கைதேர்ந்த பாஸ்மார் மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை ஒதுக்கவேண்டாம், கீழே சொல்லும் மாதிரிப் பூச்சில் சோதித்து எடுக்கலாம்.
- சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்திருக்கும் கருவிகள்: ஈரப்பதமானி, இரும்பின் வெப்பம் அளக்கும் மானி, ஈரப்படை சீப்பு (பூசிய ஈரப் பெயின்டின் தடிப்பை அளக்கும் பல் தகடு), உலர்படைத் தடிப்புமானி. இந்த நான்கும் இல்லாதவர் பூசுவது குருட்டுப் பூச்சு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அளவுப் பட்டியலை எழுதும் விதம். "சுரண்டி இரண்டு தடவை பெயின்ட் அடித்தல், சதுர மீற்றருக்கு இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதினால், நேர்மையாகச் சுரண்டக் கணக்குப் போட்டவர் விலையில் தோற்பார், சுரண்டாமல் பூசப்போகிறவர் வெல்வார். பட்டியலைப் பிரியுங்கள். கழுவுதல் ஒரு வரி, மேற்பரப்புத் தயாரிப்பு ஒரு வரி, விளிம்புப் பூச்சு ஒரு வரி, ஒவ்வொரு படையும் ஒவ்வொரு வரி. சாரம், ஈயக் கழிவு அகற்றல், பரிசோதனை ஆகியவற்றுக்கும் தனி வரி போடுங்கள். ஒவ்வொன்றும் முடிந்து கையெழுத்தான பிறகுதான் அடுத்தது, அந்தந்த வரிக்கே கொடுப்பனவு. ஒரு பகுதித் தொகையை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவையுங்கள்.

கையெழுத்துப் போடுபவர் ஒப்பந்தகாரரின் ஆளாக இருக்கக் கூடாது.

வேலையாட்களுக்கு ஒரு நாள்

பெயின்டின் தொழில்நுட்பத் தாள் ஆங்கிலத்தில்தான் வரும். அதை டின்னைத் திறப்பவர் படிப்பதில்லை. கலவை விகிதம், கலந்தபின் எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும், அடுத்த படைக்கு எத்தனை மணித்தியாலம், எந்தத் தின்னர், எவ்வளவு என்ற ஐந்தையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அட்டையில் எழுதிக் கலக்கும் இடத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் ஒரு நாளைப் பயிற்சிக்கு ஒதுக்கி, அதற்கும் கூலி கொடுங்கள். பெயின்ட் கம்பனியின் தொழில்நுட்பப் பிரதிநிதியை அழைத்தால் பெரும்பாலும் வருவார்கள்.

அன்று பாலத்தின் மோசமான ஒரு பகுதியில், சுமார் 1 சதுர மீற்றரில், வேலை செய்யப்போகும் அதே ஆட்கள் கழுவுவதிலிருந்து கடைசிப் படைவரை எப்படிச் செய்வார்கள் என்று தொடங்கிக் காட்டட்டும். போல்ட், விளிம்பு, வெல்ட் மூன்றும் அந்த இடத்தில் இருக்க வேண்டும். நீங்கள் ஏற்றுக்கொண்ட அந்தத் துண்டுதான் முழு வேலைக்கும் அளவுகோல். பின்னால் வாக்குவாதம் வந்தால் அதைக் காட்டினால் போதும்.

பாதுகாப்புப் பட்டியும் ஆற்றுக்கு மேல் மிதவை அங்கியும் கட்டாயம். இன்னும் இரண்டு விடயங்கள் மலையகத்துக்கே உரியவை. சாரம் கட்டுமுன் பாலத்தின் அடியில் குளவிக்கூடு இருக்கிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். கிரைண்டர் அதிர்வில் கலைந்தால் கயிற்றில் தொங்குபவர் ஓட முடியாது. காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்களுக்குக் கீழே உள்ள பாலமென்றால், வான்கதவு திறக்குமுன் தகவல் தரும்படி அணையின் கட்டுப்பாட்டு அலுவலகத்தோடு தொலைபேசி ஏற்பாடு செய்யுங்கள்.

மேற்பரப்புத் தயாரிப்பு

முதலில் எண்ணெய், கிறீஸ், மண், உரம். சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து நல்ல தண்ணீரால் அலசுங்கள். அலசாமல் கிரைண்டர் வைத்தால் கிறீஸும் உப்பும் இரும்பின் மேல் இன்னும் பரவும்.

கம்ப்ரசரைக் கொண்டுபோகக்கூடிய வீதிப் பாலத்துக்கு மணிக்கல் வீச்சுதான், அதாவது கடினமான துகள்களைக் காற்றழுத்தத்தால் வீசித் துருவை நீக்குவதுதான், சிறந்தது. ஐஎஸ்ஓ 8501-1 தரத்தில் எஸ்ஏ 2½ வரை (இலேசான கறை மட்டும் மிஞ்சும் அளவுக்குச் சுத்தம்), மேற்பரப்புச் சொரசொரப்பு 50 முதல் 75 மைக்ரோன் (1 மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கானெட் என்ற கடினமான கனிமத் துகளைப் பயன்படுத்துங்கள். ஆற்று மணலை வீசினால் அதன் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், அந்த நோய்க்கு மருந்து இல்லை. நொசிலில் சுமார் 7 பார் அழுத்தம் வேண்டும். தொடங்குமுன் காற்றை ஒரு வெள்ளைத் துணியில் 1 நிமிடம் அடித்துப் பாருங்கள். ஈரமோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் அந்தக் காற்றால் வேலை செய்யக் கூடாது.

ஒற்றையடிப் பாதையில் இறங்கிப்போகும் பாலத்துக்குக் கம்ப்ரசர் போகாது. அங்கே ஊசிச் சுத்தியல், கிரைண்டர், வயர் பிரஷ் கொண்டு எஸ்டி 3 தரம் வரை கொண்டுவரலாம். உறுதியில்லாத துருவும் பழைய பெயின்டும் முழுதாகப் போய், இரும்பின் உலோக நிறம் தெரிய வேண்டும். ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது: சுழலும் வயர் பிரஷை நெடுநேரம் பிடித்தால் துரு போகாமல் பளபளவென்று மெருகேறிவிடும். பார்க்கச் சுத்தம் போலிருக்கும், பெயின்ட் பிடிக்காது. கரடான சாண்டிங் டிஸ்க்கால் அதைக் கீறிவிட வேண்டும். கூர் விளிம்புகளைச் சுமார் 2 மில்லிமீற்றர் ஆரத்துக்கு உருட்டுங்கள், வெல்ட் தெறிப்புகளை வெட்டியெடுங்கள். சுத்தம் செய்த இரும்பு அன்றைக்கே, முடிந்தால் 4 மணித்தியாலத்துக்குள், முதல் படையைப் பெற வேண்டும். மஞ்சள் துரு திரும்பப் பூத்தால் திரும்பச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

எப்போது பூசலாம்

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை எனும் ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. அங்கே காற்றுப் பலமாக இருப்பதால் ஸ்ப்ரேயைவிட பிரஷ் நல்லது. பெறுகை அலுவலை இந்த மாதங்களிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள். மேற்குப் பக்கத்தில் ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானால் மழைக்குள்தான் பூசுவார்கள்.

நாளுக்குள் நேரத்தை முடிவு செய்வது கண் அல்ல, கருவி. விதி இரண்டு: ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் கூடாது, இரும்பின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகை கூட இருக்க வேண்டும். நுவரெலியாவில் காலை காற்று 16 பாகை, ஈரப்பதன் 90 வீதம் என்று வையுங்கள். பனிப்புள்ளி சுமார் 14.4. இரும்பு 17.4க்கு மேல் இருக்க வேண்டும், அதாவது காற்றைவிடவே சூடாக. ஈரப்பதனும் எல்லை தாண்டிவிட்டது. பூசவே கூடாது. பகலில் காற்று 18, ஈரப்பதன் 80 என்றானால் பனிப்புள்ளி 14.5, இரும்பு 17.5 இருந்தால் போதும். இரும்பை நிழல் பக்கத்தில், பாலத்தின் அடியில் அளந்து பாருங்கள். வெயில் பட்ட கைப்பிடி சொல்வது பொய்க்கணக்கு. நடைமுறையில் காலை 9.30 தொடங்கி பிற்பகல் 2 மணிக்குள் கடைசித் தூரிகையை வைத்துவிட வேண்டியிருக்கும். மூடுபனி இறங்குமுன் மேற்பரப்பு உலர வேண்டும். ஈரம் படிந்த புது எப்பொக்ஸியில் (இறுக்கி கலந்து பூசும் இரு பகுதிப் பெயின்ட்) வெண்மையான பிசுபிசுப்பு ஏறும். அதைச் சவர்க்கார வெந்நீரால் கழுவாமல் அடுத்த படையைப் பூசினால் அது தோலாக உரிந்து வரும். வழக்கமான எப்பொக்ஸி 10 பாகைக்குக் கீழே இறுகுவது மிக மெதுவாகும். நுவரெலியாவின் ஜனவரி இரவுகளுக்குக் குளிர்கால இறுக்கி வாங்குங்கள்.

படைகளும் கணக்கும்

வீச்சால் சுத்தமான இரும்புக்கு: துத்தநாகம் நிறைந்த எப்பொக்ஸி முதற்படை 60 மைக்ரோன், இடைப்படை எப்பொக்ஸி 120, வெயிலுக்குப் பொலியூரத்தேன் மேற்படை 60. மொத்தம் 240. கைக்கருவியால் சுத்தமான இரும்புக்குத் துத்தநாகப் படை சரிவராது, அதற்கு வெற்றிரும்பின் தொடுகை வேண்டும். அங்கே துருத் தாங்கும் எப்பொக்ஸி மாஸ்டிக் 125 மைக்ரோன் வீதம் இரு படை, மேலே பொலியூரத்தேன். இரு படைக்கும் வெவ்வேறு நிறம் கேளுங்கள், விடுபட்ட இடம் தானே தெரியும்.

ஒவ்வொரு முழுப் படைக்கும் முன், விளிம்பு, போல்ட் தலை, வெல்ட், மூலை ஆகியவற்றுக்குப் பிரஷால் ஒரு விளிம்புப் பூச்சு. ஈரப் பெயின்ட் கூர்மையிலிருந்து விலகி ஓடும், அதனால்தான் துரு எப்போதும் விளிம்பில் தொடங்குகிறது.

எவ்வளவு வாங்குவது? மாஸ்டிக்கின் திண்மப் பங்கு (உலர்ந்தபின் மிஞ்சும் பங்கு) 70 வீதம் என்றால், 125 மைக்ரோன் படைக்கு 1 லீற்றர் 5.6 சதுர மீற்றர் போகும். ஈரமாக அளக்கும்போது சீப்பில் சுமார் 180 மைக்ரோன் காட்ட வேண்டும். 100 சதுர மீற்றருக்கு ஏட்டுக்கணக்கில் 18 லீற்றர், 30 வீதம் வீணாகும் என்று எடுத்தால் 26 லீற்றர், ஒரு படைக்கு. ஒப்பந்தகாரர் இரு படைக்கும் சேர்த்து 25 லீற்றர் கொண்டுவந்தால் கேள்வி கேளுங்கள். வெற்று டின்களை எண்ணி வைப்பதும் ஒரு பரிசோதனைதான்.

இரு பகுதிப் பெயின்டைப் பாதியாகக் கண்ணளவில் பிரிக்கக் கூடாது. இறுக்கி குறைந்தால் படை மென்மையாகவே நிற்கும். முழுத் தொகுதியாக இயந்திரக் கலக்கியால் கலந்து, தாளில் சொன்ன நேரத்துக்குள் முடியுங்கள். கலவை சூடாகிக் கெட்டியாகத் தொடங்கினால் தின்னர் ஊற்றி இளக்குவதுதான் வழக்கமான தவறு. அந்த மிச்சத்தைக் கழித்துவிட வேண்டும். பொலியூரத்தேனை ஸ்ப்ரே செய்தால் காற்று வழங்கும் முகமூடி வேண்டும். சிறு பாலத்துக்கு ரோலரே போதும்.

உலர்ந்தபின் தடிப்புமானியால் அளந்து பாருங்கள். எந்த அளவீடும் கேட்ட தடிப்பின் 80 வீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 80க்கும் 100க்கும் இடையில் விழுபவை மொத்த அளவீடுகளில் ஐந்தில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். அடிப்பாகத்தையும் உட்பக்கத்தையும் அளவுங்கள், வீதியிலிருந்து தெரியும் பக்கம் எப்போதும் தடிப்பாகத்தான் இருக்கும்.

தொங்குபாலமும் பெய்லியும்

தொங்குபாலத்தின் வடத்துக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். வெளியே மூடினால் உள்ளே ஈரம் சிறைப்படும். பிரஷால் சுத்தம் செய்து, உள்ளே ஊறக்கூடிய வடக் கிறீஸ் பூசுங்கள். அறுந்த இழைகளை எண்ணி எழுதுங்கள். வடம் நங்கூரக் கட்டைக்குள் நுழையும் இடம்தான் உயிர்நிலை. அதைச் சுற்றி மண்ணும் புல்லும் ஏறாமல் கொங்கிரீட்டைச் சரிவாக விட்டு, தண்ணீர் வெளியே ஓடச் செய்யுங்கள். கிளிப்புகளின் சேணப் பக்கம் பாரம் தாங்கும் வடத்திலும், யூ வளையம் வெட்டிய நுனியிலும் இருக்க வேண்டும். பலகைக்கும் குறுக்கிரும்புக்கும் இடையே ரப்பர் பட்டி வையுங்கள். செப்பு மருந்தேற்றிய பலகை, துத்தநாகம் பூசிய இரும்பைத் தொட்டால் அதை அரிக்கும்.

பெய்லிப் பாலங்களின் பாகங்கள் துத்தநாகக் குளிப்பாட்டு பெற்றவை, அதாவது உருகிய துத்தநாகத்தில் தோய்த்தவை என்றால், 6 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த பாகங்களில் சராசரி 85 மைக்ரோன் துத்தநாகம் இருக்க வேண்டும். உராய்ந்த இடத்துக்குத் துத்தநாகம் நிறைந்த பெயின்ட், குறைந்தது 100 மைக்ரோன். பளபளக்கும் துத்தநாகத்தின் மேல் சாதாரண எனாமல் அடிக்காதீர்கள். எண்ணெய்ப் பெயின்ட் துத்தநாகத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகி ஓராண்டு இரண்டாண்டில் பாளம் பாளமாக உரியும். பாடசாலைப் பாலக் கைப்பிடிகளில் இதைத்தான் அதிகம் காண்கிறோம்.

பூசிய பிறகு

ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், வடிகாலைத் திறந்து, கர்டர் முனைகளைக் கழுவி, படம் எடுத்துக் கோப்பில் போடுங்கள். அதே பெயின்டில் ஒரு சிறு தொகுதியையும் கலவை அட்டையையும் களஞ்சியத்தில் வையுங்கள், காலாவதித் திகதியைப் பார்த்து மாற்றுங்கள். கையளவு துருப்புள்ளியை அன்றே சுரண்டிப் பூச, பயிற்சி பெற்றவர்களில் உள்ளூர்க்காரர் இருவரைப் பெயர் குறித்து நியமித்து, மாதாந்தப் படியை வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.